பக்கத்து சீட் பிரேக்

பந்து என் கையை விட்டுப் போனதும் மகள் முன்காலை எடுத்து வைத்தாள். இடுப்பு திரும்பியது, முழங்கை உடம்போடு ஒட்டி வந்தது, மட்டை பட்ட சத்தம் டிரைவிங் ஸ்கூல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. ரிவர்ஸ் பழகுவதற்காக வைத்திருக்கும் பிளாஸ்டிக் கூம்புகளைத் தாண்டிப் பறந்த பந்து மதில் சுவரில் அடித்துவிட்டுத்தான் நின்றது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இப்படி அடிக்கிற பெண்ணைப் பற்றித்தான் அன்று மத்தியானம் அவளுடைய விளையாட்டு டீச்சர் போனில், "வீட்ல நல்லா அடிக்கிறான்னு நீங்க சொல்றீங்கம்மா. இங்க மட்டை பந்து மேல படவே மாட்டேங்குதே," என்று வருத்தப்பட்டிருந்தார்.

நான் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். சாஃப்ட்பால் மட்டையை வாழ்நாளில் தொட்டவளில்லை. போன வருஷம் முழுக்க இவளைப் பள்ளிக்கூட டீமில் சேர்க்காமல் வெளியே போன பந்துகளைப் பொறுக்கிப்போட வைத்திருந்தார்கள். கடைசி நாள் வீட்டுக்கு வந்து பையை மூலையில் எறிந்துவிட்டு, சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, நீ சொல்லிக் குடேன்," என்றாள். அச்சகத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், உங்கம்மாவுக்குத் தெரியாத வித்தையும் உண்டா என்று கிண்டலடித்தார். அந்த ரோஷத்தில்தான் ஆரம்பித்தேன். போனில் வீடியோக்களை மெதுவாக ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எடை பின்காலில். முன்கால் வைக்க வேண்டும். பிறகு இடுப்பு. கை கடைசியில்தான் வர வேண்டும். கிளட்ச், கியர், கண்ணாடி என்று ஒரே மூச்சில் நடக்கிற காரியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பதுதானே என் பிழைப்பு. மட்டை மட்டும் என்ன பெரிய கொம்பா என்று நினைத்துவிட்டேன்.

ஆரம்பத்தில் இருந்ததும் கெட்டது. யோசித்து யோசித்து மட்டையை வீசியதில் முன்பு அடித்துக்கொண்டிருந்த பந்துகளையும் விட்டாள். நான் அசரவில்லை. கியர் கம்பியைக் குனிந்து பார்த்துக்கொண்டே சாக்கடைப் பக்கம் வண்டியை விடாத மாணவர் யார்? அதற்காகத்தான் பக்கத்து சீட்டில் உட்காரும் எனக்கும் ஒரு பிரேக் வைத்திருக்கிறார்கள். அதை மிதித்து மிதித்து என் வலது காலணியின் முன்பக்கம் மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். பஸ்ஸில் போனாலும் கால் தன்பாட்டுக்கு மிதிக்கும். டிரைவர் உனக்குப் பாதிச் சம்பளம் தர வேண்டும் என்பார் வீட்டுக்காரர்.

பிறகு ஒரு சாயங்காலம் திடீரென்று எல்லாம் கூடிவந்தது. மகளுடைய மட்டை பந்தைத் தேடிப் பிடித்து அடிக்க ஆரம்பித்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சிக்னலில் நிற்கும்போது மாணவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் டீச்சரின் போன். எனக்கு வராத சந்தேகமில்லை. மட்டை மாறியிருக்குமோ என்று கேட்டால் அதே மட்டைதான். பந்து வீசும் நெட்டைப் பெண் வேகமாகப் போடுகிறாளோ என்றால், அப்படியொன்றும் வேகமில்லையாம். டீச்சருக்கு என் பெண் மேல் ஏதாவது காட்டமா என்றுகூடப் புத்தி போனது. வீட்டில் புலி, அங்கே பூனையா என்றார் வீட்டுக்காரர். பொறுக்காமல் மறுநாள் இரண்டு மாணவர்களுக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் வண்டியைத் தெருவோரம் நிறுத்திவிட்டு, பள்ளிக்கூட வேலிக்கு வெளியே மரத்தடியில் நின்று பார்த்தேன். என் மகள் மட்டையோடு நின்றாள். பந்து வந்தது, அவளுக்குப் பின்னால் கட்டியிருந்த வலையில் விழுந்தது. அதற்கப்புறம் அவள் முன்காலை வைத்தாள். இடுப்பு திரும்பியது, முழங்கை ஒட்டி வந்தது. நான் சொல்லிக்கொடுத்த எல்லாமே இருந்தன, ஒன்றிலும் பிசகில்லை. பஸ் போன பிறகு கை காட்டுகிற மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன கோளாறென்று தெரியாமல் வருகிற அழுகை.

டீமுக்கு ஆள் எடுப்பதற்கு முந்தின சாயங்காலம் அவளை அதே கூம்புகளுக்கு நடுவில் நிற்கவைத்துக் கேட்டேன். மட்டையின் பிடியில் சுற்றியிருந்த டேப்பை நகத்தால் உரித்துக்கொண்டே நின்றாள்.

"அங்க எப்ப அடிக்கணும்னு தெரியலம்மா," என்றாள். "இங்க நீ சொல்றல்ல."

நான் எதுவும் சொல்வதில்லையே, பந்தைப் போட்டால் வாயை மூடிக்கொண்டுதானே நிற்கிறேன் என்றேன்.

"வாயால இல்ல. பந்து பாதி தூரம் வந்ததும் நீ கால அழுத்துவ. அப்ப நான் முன்கால வெச்சா கரெக்டா படும்."

முதலில் சிரித்துவிட்டேன். சிரித்து முடிப்பதற்குள் குனிந்து என் வலது காலைப் பார்த்தேன். என் பிள்ளையை நோக்கி ஏதோ ஒன்று வேகமாகப் போகிறது, நான் அதை நிறுத்தப் பார்க்கிறேன். இல்லாத பிரேக்கை மிதிக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டு அவள் அடிக்கிறாள். அப்படியானால் இத்தனை நாள் நான் சொல்லிக்கொடுத்தது எது, அவள் கற்றுக்கொண்டது எது?

கண்ணைப் பந்தைவிட்டு எடுக்கக் கூடாது என்று எத்தனை தடவை சொன்னேன் என்று கோபப்பட்டேன். பந்தைத்தான் பார்க்கிறாளாம், என் கால் தானாகத் தெரிகிறதாம்.

"நாளைக்கு வேலிகிட்ட வந்து நில்லும்மா," என்றாள். "பந்து போடற பொண்ணுக்கு நேர் பின்னாடி. கால் தெரியற மாதிரி. இன்னொரு வருஷம் என்னால பந்து பொறுக்க முடியாது."

நான் கூம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். லைசென்ஸ் பரீட்சையில் என் கால் பிரேக்கைத் தொட்டால் மாணவர் ஃபெயில். அதனால் நானே இறங்கி வெளியே நின்றுவிடுவேன். அதுதான் நியாயம், அதில் எனக்கு இரண்டு எண்ணம் இருந்ததில்லை. ஆனால் அவர்கள் யாரும் நான் பெற்றவர்கள் இல்லையே. பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் இதே யோசனை. இவளுக்கு எது உதவி, எது உபத்திரவம் என்று கடைசிவரை பிடிபடவில்லை.

மறுநாள் வேலிக்குப் பக்கத்தில், நெட்டைப் பெண்ணுக்கு நேர் பின்னால்தான் போய் நின்றேன். மைதானம் சின்னது. மகளின் முகம் நன்றாகத் தெரிந்தது. ஆளுக்கு மூன்று பந்து என்றார் டீச்சர்.

முதல் பந்துக்குக் காலை இறுக்கிக்கொண்டு அசையாமல் நின்றேன். அவளே அடிக்கட்டும் என்று தோன்றியது. மகள் மட்டையைத் தூக்கவே இல்லை. பந்து வலைக்குள் போன பிறகும் என் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என்னாச்சும்மா என்று கேட்கிற பார்வை. அதைப் பார்த்ததும் என் வைராக்கியமெல்லாம் கரைந்துவிட்டது. சரி போ, இந்த ஒரு தடவை அழுத்திவிடலாம் என்று தீர்மானித்தேன். இரண்டாவது பந்து கிளம்பியதும் இப்போதா, இன்னும் கொஞ்சம் கழித்தா என்று யோசித்தேன். யோசித்து அழுத்திய காலுக்கு நேரம் தெரியவில்லை. நான் பிந்தினேன், அவளும் பிந்தினாள். மட்டை வெறுங்காற்றைச் சுற்றிவந்தது. என் காலே வழக்கத்தை மறந்துவிட்ட மாதிரி இருந்தது. துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்து இவளையும் இப்படி யோசித்துப் பிந்துகிற இடத்தில்தான் நான் நிறுத்தியிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டீச்சர் பேனா மூடியைத் திறந்தார். நெட்டைப் பெண் பந்தைத் துடைத்துக்கொண்டாள். மகள் பின்காலில் எடையை வைத்து நின்று மறுபடியும் என் காலைத் தேடினாள். அழுத்தினாலும் தப்பு, அழுத்தாவிட்டாலும் தப்பு. வேறொன்றும் தோன்றாமல் கம்பி வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வலது காலைத் தரையிலிருந்து தூக்கிவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் விலகி நின்றார். மகளின் புருவம் சுருங்கியது, பிறகு அவள் முகம் என்னைவிட்டு நகர்ந்ததா இல்லையா என்று தெரியவில்லை. நெட்டைப் பெண்ணின் முதுகு வளைந்து கை சுழன்றுவிட்டது.

பந்து பாதி தூரம் போனபோது, தூக்கி வைத்திருந்த என் வலது கால், நான் கேட்காமலே, அந்தரத்தில் பிரேக்கை அழுத்தியது.