வெந்த பூ

பூ கொதித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. காய்ந்த பூ அது. சுண்டுவிரலில் பாதி நீளம், பழைய செய்தித்தாளின் நிறம். ஒரு சொட்டு சோப்புக் கலந்த நீரில், சிறிய கண்ணாடிக் குவளைக்குள் சுழன்றுகொண்டிருந்தது. தாள்களுக்கு இடையே அழுத்திக் காயவைத்த பூவை அப்படியே பிரித்துப் பார்க்க முடியாது, தொட்டால் நொறுங்கிவிடும். கொதிநீரில் கொஞ்ச நேரம் கிடந்தால் இதழ்கள் இளகி, செடியிலிருந்து அன்று காலை பறித்தது போல் ஆகிவிடும். கொஞ்ச நேரம்தான், அதற்கு மேல் கூடாது. அழைத்தவன் அவள் கணவன். பள்ளியில் மலைக்குக் கூட்டிப்போகிறார்களாம், மகளுடைய மழைக்கோட்டு எங்கே என்று கேட்டான்.

"பீரோவுக்குப் பக்கத்துல, ஆணியில தொங்கும் பாரு."

"அங்க இல்லையே."

"பாத்துட்டு சொல்றியா, பாக்காம சொல்றியா?"

"பாத்துட்டுத்தான்... இரு இரு. ம், இருக்கு."

அவள் திரும்பி வந்தபோது குவளையில் குமிழிகள் பொங்கிக்கொண்டிருந்தன. அடுப்பை அணைத்தாள். இடுக்கியால் பூவை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்தாள். நீரைத் தொட்டியில் ஊற்றி, குவளையைக் கழுவிக் கவிழ்த்தாள். எத்தனையோ வருடப் பழக்கம், கை தானாகச் செய்தது. பிறகு நுண்நோக்கியின் முன் உட்கார்ந்து, பூவின் குழலை ஊசியால் நீளவாக்கில் கீறி, இரண்டு பக்கமும் விரித்தாள். உள்சுவரில் ஒட்டியபடி கேசரங்கள் இருந்தன, மகரந்தத்தைத் தலையில் சுமக்கும் வெள்ளை இழைகள். இரண்டு. அவள் கண்ணை எடுத்து, துடைத்து, மறுபடி பார்த்தாள். இரண்டுதான். பாறைகளில் எங்கும் வளரும் அந்தச் சாதாரணச் செடிக்கு நான்கு இருக்கும். இலையும் தண்டும் காயும் அதைப் போலவே இருந்து, கேசரம் மட்டும் இரண்டாக உள்ள ஒன்றை அதுவரை யாரும் எழுதிவைக்கவில்லை.

உலர்தாவரக் காப்பகத்தின் மேல்மாடியில் அவள் அறை. பச்சை இரும்பு அலமாரிகள், பூச்சிமருந்து வாசனை, உயரத்தில் ஒரு சன்னல். எங்கிருந்தோ தாள்களில் ஒட்டி வரும் செடிகளைப் பார்த்து, சரியான பெயரைச் சீட்டில் எழுதி ஒட்டுவது அவள் வேலை. ஒவ்வொரு செடியின் பெயருக்குப் பின்னாலும் அதற்கு முதலில் பெயர் வைத்தவரின் பெயர் சுருக்கமாக நிற்கும். யார் எந்த மலைக்குப் போனார், யார் படகிலேயே இறந்தார், யாருக்கு யாரோடு சண்டை என்றெல்லாம் அவளுக்குத் தெரியும், சொந்தக்காரர்களைத் தெரிவது போல. அந்த வரிசையில் அவள் இல்லை. இதைப் பற்றி அவள் யாரிடமும் குறைப்பட்டதில்லை. ஆனால் பேருந்தில் உட்கார்ந்திருக்கையில் சில சமயம், தன் பெயரை எந்த இடத்தில் வெட்டிப் புள்ளி வைத்தால் நன்றாயிருக்கும் என்று யோசித்திருக்கிறாள்.

இந்தச் செடியைப் போன மழைக்காலத்தில் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியின் பின்சுவரில் அவள்தான் எடுத்தாள். திரும்பி வந்த வாரம் முழுக்க மழை. தாள்கள் உலரவில்லை. பூஞ்சை பிடித்து மற்றப் பூக்களெல்லாம் கறுத்துப்போக, பிழைத்தது இந்த ஒன்றுதான்.

இயக்குநர் கீழிருந்து மாடிப்படி ஏறியே வந்துவிட்டார். மூட்டுவலிக்காரர், எதற்கும் ஏறாதவர். நுண்நோக்கியில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "அட, ரெண்டே ரெண்டு," என்றார். "சீக்கிரம் எழுதும்மா. எவனோ ஒருத்தன் இதையே போட்டோ புடிச்சு, இது என்ன செடின்னு இணையத்துல கேட்டுட்டுத் திரியறான். நேத்துதான் பாத்தேன்." முதலில் அச்சில் வரும் பெயர்தான் நிற்கும் என்பது இந்தத் தொழிலின் சட்டம். ஒரு நாள் பிந்தினாலும் பிந்தியதுதான்.

அவள் எழுதினாள். படம் வரைந்தது நாத்தனார், கணவனின் அக்கா. பம்பு கம்பெனிக்கு உதிரி பாகங்கள், பல் மருத்துவப் புத்தகத்துக்குக் கடைவாய்ப் பற்கள் என்று எதையும் வரைவாள். நிழலைக் கோடாகப் போடாமல் மையால் புள்ளி புள்ளியாக வைப்பதால் காப்பகத்தில் அவளுக்குப் புள்ளியம்மா என்று பெயர். இந்த ஒரு படத்துக்குப் பல நாட்கள் உட்கார்ந்தாள். இலையின் ரோமம்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. நடுவில் விரித்த பூ, அதற்குள் இரண்டு கேசரங்கள்.

கட்டுரையை முடித்து, அனுப்ப வேண்டியதுதான் பாக்கி என்றிருந்த ஒரு மாலையில், வீட்டில் தேநீர்க் குவளையைக் கழுவும்போது அவளுக்கு அது உறைத்தது. குவளையைக் கவிழ்த்தாள். அடியில் தங்கியிருந்த தேயிலைத் தூள்கள் நீரோடு சுழன்று தொட்டியின் துளைக்குள் போயின. அவள் குழாயை மூடவில்லை. நீர் போய்க்கொண்டே இருந்தது. அன்று காப்பகத்தில் பூவை எடுத்தாள், நீரை ஊற்றினாள், அதன் பிறகுதான் பூவை விரித்தாள். அளவுக்கு மீறி வெந்த பூ. நான்கில் இரண்டு கழன்று நீரில் மிதந்திருந்தால், அவை போன வழி இதுதான். நீரைப் பார்க்காமல் கொட்டக்கூடாது என்பது புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே சொல்லித்தரும் முதல் விஷயம்.

மறுநாள் தட்டை எடுத்து மறுபடி பார்த்தாள். மற்ற இரண்டு இருந்திருக்க வேண்டிய இடத்தில் திசு நைந்து கிழிந்திருந்தது. ஏதோ ஒட்டியிருந்து கழன்ற தழும்பு என்று நினைத்தால் தழும்பாகத் தெரிந்தது. வெறும் கிழிசல் என்று நினைத்தால் வெறும் கிழிசல். இல்லாத ஒன்றை எப்படிப் பார்ப்பது என்று அவள் யோசித்தாள். இருப்பதைப் பார்க்கத்தான் இத்தனை வருடம் கண்ணைப் பழக்கியிருந்தாள்.

இயக்குநர் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நீ என்ன பாத்த?"

"ரெண்டு சார்."

"அப்ப ரெண்டு. பாத்ததத்தான எழுதியிருக்க? நாளைக்கு அனுப்பிடு."

"அடுத்த மழைக்குப் பூக்கும் சார். ஒரு தடவ புதுசாப் பாத்துட்டா..."

"நானும் ஒரு தடவ அப்படித்தாம்மா, இன்னும் சரியா பாத்துருவோம்னு காத்துட்டிருந்தேன். இன்னைக்கி அந்தச் செடிக்கு எவனோ ஒருத்தனோட மச்சினி பேரு. ஒவ்வொரு தடவையும் அந்த அலமாரியத் தெறக்கறப்ப அவ என்னப் பாத்து சிரிக்கற மாதிரி இருக்கு." அவர் சிரிக்கவில்லை.

நாத்தனாரிடம் சொல்வது இன்னும் கடினமாக இருந்தது. அவள் சன்னலோரம் பேனா முனையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டாள். முழுவதும் கேட்டு முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் என் தம்பியாலதான். கண்ணு முன்னாடி தொங்கறதக் காணோம் காணோம்னு தேடுவான். அவன் போன் பண்ணலன்னா நீ ஒழுங்கா வேக வெச்சிருப்ப."

"அவரச் சொல்லி என்ன அண்ணி. தண்ணியக் கொட்டுனது நானு."

"சரி, இப்ப என்ன பண்ணணும்? நாலுன்னா நாலு போடறேன், ரெண்டுன்னா ரெண்டு. எனக்கு என்ன போச்சு? பல்லு டாக்டரு முப்பத்திரெண்டுன்னாரு, முப்பத்திரெண்டு போட்டேன். வாயத் தெறந்து எண்ணிப் பாத்தனா?"

"எத்தனைன்னு எனக்கே தெரியல அண்ணி."

"அப்ப அனுப்பாத."

"அனுப்பலன்னா வேற ஒருத்தர் பேரு வெச்சிருவாங்க."

"அப்ப அனுப்பு." நாத்தனார் பேனாவை மூடினாள். இவள் முகத்தைப் பார்த்தாள். "எந்திரி. அந்தச் செடியப் போய்ப் பாத்துட்டு வருவோம்."

"இது வெயில் காலம். எல்லாம் காஞ்சு கெடக்கும்."

"காஞ்சதுதான உன் பொழப்பே?"

நாத்தனார் கார் ஓட்டுவதும் புள்ளி வைப்பது போலத்தான், விட்டு விட்டு. பின்னால் வந்தவர்களெல்லாம் ஒலிப்பானை அடித்துவிட்டு முந்திப் போனார்கள். "போங்கய்யா, போங்க. எனக்கென்ன பிரசவமா?" என்றாள். நகரம் முடிந்து, கிடங்குகளும் லாரிகளும் முடிந்து, குவாரிக்குப் போகும் மண்பாதை வந்தது.

பின்சுவரில் செடிகள் இருந்தன. இலைகள் சுருண்டு, எரித்த காகிதத் துண்டுகளைப் பாறையில் ஒட்டிவைத்தது போல். செத்தவை அல்ல. மழை வந்தால் விரியும். காய்கள் வெடித்து விதை சிதறி வெறும் கூடுகளாக நின்றன. பூ எங்கும் இல்லை. அவள் எதிர்பார்த்ததுதான். இருந்தும் சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை முகத்தைப் பாறைக்கு அருகில் வைத்துக்கொண்டு நடந்தாள். நாத்தனார் குடையைத் தன் தலைக்குப் பிடிப்பதா இவள் தலைக்குப் பிடிப்பதா என்று தெரியாமல் கூடவே நடந்தாள்.

பாறை வெளியே துருத்தி, கீழே குடைவாக இருந்த இடத்தில் ஒரு பழைய சிலந்திவலை. சிலந்தி எப்போதோ போய்விட்டிருந்தது. தூசியும் ஈச்சிறகுகளும் ஏறி வலை துணி போல் கனத்துத் தொங்கியது. அதற்குள் ஏதோ ஒரு சுருள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுக்கியை நீட்டினாள். இந்தக் குடும்பச் செடிகளில் பூ இதழ் இதழாக உதிராது. குழல் முழுசாகக் கழன்று, உள்ளே ஒட்டியிருக்கும் கேசரங்களோடு விழும். போன மழையில் மேலே பூத்தது, விழும் வழியில் இந்த வலையில் நின்றிருக்கிறது. அந்தப் பாறையில் குழல் பூ பூக்கும் செடி வேறு எதுவும் இல்லை.

"பூவா?" என்றாள் நாத்தனார்.

"பூதான்."

"கொதிக்க வெக்க அடுப்புக் கொண்டாரலையே."

"வேண்டாம். பச்சத் தண்ணி போதும். நேரமாகும், அவ்வளவுதான்."

தண்ணீர்ப் புட்டியின் மூடியைக் கல் மீது வைத்து, பாதியளவு நீர் ஊற்றி, பூவை அதில் விட்டாள். அது நனையாமல் மேலேயே மிதந்தது. பைக்குள்ளிருந்து கைலென்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். இருவரும் மூடிக்கு இரண்டு பக்கமும் குந்தி உட்கார்ந்தார்கள். குடையைக் காற்றுக்கு மறைப்பாகத் தரையில் சாய்த்து வைத்தாள் நாத்தனார்.

"நாலு இருந்தா?"

"பழைய செடிதான். எப்பவோ பேரு வெச்சாச்சு."

"என் படம்?"

"வீட்டுச் சுவத்துல மாட்டிக்கலாம்."

"ஆமா, வர்றவங்க போறவங்க கிட்டயெல்லாம், ரெண்டுன்னு நம்பாதீங்க, நாலுன்னு சொல்லிக்கிட்டிருக்கணும்." நாத்தனார் மூடிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில், "ரெண்டா இருக்கட்டும்," என்றாள்.

பாறையின் சூடு செருப்பைத் தாண்டி ஏறியது. எங்கோ ஒரு லாரி பின்னால் நகரும் சத்தம் வந்து நின்றது. பூ மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து நீருக்குள் இறங்கியது. அதைச் சுற்றியிருந்த நீர் லேசாகப் பழுப்பேறியது. அதன் மேல் ஒட்டியிருந்த வலையின் இழை ஒன்று பிரிந்து தனியாக மிதந்தது. அவள் குனிந்தாள், அவளுடைய நிழல் மூடியின் மேல் விழுந்தது, உடனே விலகிக்கொண்டாள். பூவின் மூடிய வாயிலிருந்து கடுகைவிடச் சிறிய காற்றுக் குமிழி ஒன்று வெளியே வந்து, நீர்ப்பரப்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதன் பின்னால், மேல் இதழின் ஓரம் அசைந்தது.