இன்ஜின் நின்ற இடம்

நேற்றுவரை ‘எழுத்தாளரே’ என்று கேலி செய்தவர்கள்கூட இன்று ஐஸ் வாங்கிக்கொண்டு ஜெபக்குமாரின் முகத்தைப் பார்க்காமல் போனார்கள்.

அவன் ஜெகதாப்பட்டினத்து ஐஸ் பிளான்ட்டில் வேலை செய்கிறவன், கதையும் எழுதுகிறவன். எந்தப் பத்திரிகைக்கு அனுப்பினாலும் பதில் வராது. போதும் என்று விட்டுவிடப் பார்த்தபோது படகுக்காரர் முனியசாமிதான் தடுத்தார். “போட்டுக்காரங்க வாட்ஸப் குரூப்புல போடுடா, நாங்க படிக்கிறோம். கதைக்கு என் போட்டு பேரையே வையி.”

அவருடைய விசைப்படகின் பெயர் முத்துமாரி. அந்தப் பெயரிலேயே வாரம் ஒரு பகுதி எழுதினான். துறைமுகமே படித்தது. போன பகுதியில் நடுக்கடலில் முத்துமாரியின் இன்ஜின் நின்றது. ஆவல் கூடட்டும் என்று அங்கேயே விட்டான்.

அந்த வாரம் கடலுக்குப் போன நிஜ முத்துமாரி திரும்பவில்லை. “இன்ஜின் நின்னுபோச்சு” என்று முனியசாமி வயர்லெஸ்ஸில் சொன்னதை மற்ற படகுகள் கேட்டிருந்தன. அப்புறம் சத்தமே இல்லை. தேடிப் போனவர்களும் வெறுங்கையோடு வந்தார்கள்.

“கரிநாக்கு கேள்விப்பட்டிருக்கேன், கரிக்கையை இப்பத்தான் பாக்குறேன்” என்றார் முதலாளி ரெங்கசாமி. “அம்புட்டையும் அழிச்சிரு. இனி ஒரு வரி எழுதுனாலும் இங்கிட்டு வேலைக்கு வராத.”

அழிக்கலாம் என்றுதான் மத்தியானம் போனை எடுத்தான். முனியசாமியின் மனைவி பொற்கொடி வந்து நின்றாள். தலை வாரவில்லை.

“அழிச்சிட்டியா?”

“இன்னும் இல்லக்கா.”

“அழிக்காத. மிச்சத்தையும் எழுது.”

“அக்கா, நான் எழுதித்தான் இன்ஜின் நின்னுச்சுன்னு நீங்களும்...”

“நான் என்ன கூறுகெட்டவளா? கெளம்பயில சொன்னாரு, வந்ததும் அந்தப் பய அடுத்து என்ன எழுதியிருக்கான்னு பாக்கணும்னு. வந்து போனைத் தொறந்தா ஒண்ணுமில்லாம கெடக்கவா?”

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. முத்துமாரி கரை சேராது என்பதுதான் அவன் முதலிலேயே நினைத்து வைத்திருந்த முடிவு. யாரிடமும் சொன்னதில்லை.

ஐஸ் உடைக்கும் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தான். இன்ஜின் ஓடியது என்று எழுதினான். பொய்யாக இருந்தது. அழித்தான். மறுபடி எழுதினான். நின்ற இன்ஜினின் மூடியைத் திறந்து ஒருவர் கை விடுகிறார், சூடு கையைச் சுடுகிறது, கையை எடுக்கவில்லை. அது பொய்யாகத் தெரியவில்லை. அதற்குமேல் என்ன என்று அவனுக்கே தெரியவில்லை. எழுதியவரை குரூப்பில் போட்டான்.

வாசலில் ரெங்கசாமியின் பைக் வந்து நின்றது. கையில் இருந்த போனைப் பார்த்தபடியே இறங்கினார்.

“ஒனக்கு அம்புட்டுத் திமிராடா?”

ஜெபக்குமார் தன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. யார் யார் படித்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பெயராக ஏறியது. பொற்கொடியின் பெயர் வந்தது, ரெங்கசாமியின் பெயரும் வந்தது. முனியசாமியின் பெயர் வரவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். சுவரோரம் குந்தி, கதையில் அந்தக் கை இன்னும் இன்ஜினுக்குள் இருக்கும்போதே, அடுத்த வரியைத் தொடங்கினான்.