ராணியம்மாளின் ஏழு போணிகள்

மூன்று மணியிலிருந்து பூவிழி அந்த இணையக் கடைப் பக்கத்தைப் பதினோரு தடவை திறந்து பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அதே வரி: 'இந்தப் பொருள் தற்சமயம் விற்பனைக்கு இல்லை.'

பொருள் அவளுடையது. உடல் அளவுகளைக் கொடுத்தால் துணி வெட்டும் படத்தை அச்சடித்துத் தரும் மென்பொருள். காரிமங்கலத்தில் உட்கார்ந்து அவள் எழுதியதை எங்கெங்கோ இருக்கும் தையல்காரர்கள் வாங்கினார்கள். பணம் வாங்குவதும், அந்தந்த நாட்டு வரியைக் கட்டுவதும், ரசீது கொடுப்பதும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் பொறுப்பு. தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை மாதாமாதம் அனுப்பிவிடுவார்கள்.

இன்று அவர்களே கடையை மூடிவிட்டார்கள்.

நார்வேயில் ஒரு தையல் பள்ளி நூற்றிருபது பிரதிகள் கேட்டிருந்தது. அதை நம்பித்தான் பூவிழி போன மாதம் ஓசூர் வேலையை விட்டாள். பள்ளியின் ஆண்டு ஒதுக்கீடு இன்றோடு முடிகிறது. அங்கே அலுவலகம் மூடும்போது இங்கே மாலை ஆறரை. உன் வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்ப மாட்டோம், எங்கள் நாட்டு வரியோடு முறையான ரசீது வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

நான்கு மணிக்குக் காரணம் மின்னஞ்சலில் வந்தது. ஒவ்வொரு புதிய பதிப்பும் வெளியான ஐந்து நிமிடத்துக்குள் ஒரே கார்டு முதல் பிரதியை வாங்குகிறது. ஏழு முறை. நீங்கள் பயன்படுத்தும் அதே இணைய இணைப்பிலிருந்து. கார்டுக்கு உரியவர் யார்?

முன்னறையில் தையல் மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது. கார்டுக்கு உரியவர் அங்கேதான் ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார். மாமியார் ராணியம்மாள். கைராசிக்காரர் என்று தெருவே சொல்லும். புதுக்கடை திறந்தால் முதல் போணிக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். மருமகள் வியாபாரத்துக்குச் செய்யாமல் விடுவாரா?

அதியமான்கோட்டையில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் கணவன் வீரமணிக்குப் போன் போட்டாள்.

"வாடிக்கையாளர்னு எழுதிப் போடு. அம்மா இனிஷியலும் உன் இனிஷியலும் வேற வேற. நார்வேக்காரன் வூட்டுக்கு வந்து பாக்கப் போறானா?"

"நார்வேக்காரன் இல்லீங்க. விக்கிற கம்பெனிக்காரன் கேக்கறான். திருட்டுக் கார்டு வச்சிருக்கறவங்களும் கறுப்புப் பணத்தைச் சுத்த விடறவங்களும் இப்படித்தான் தன் சரக்கைத் தானே வாங்குவாங்களாம்."

"எங்கம்மாவும் கறுப்புப் பணமும். நல்ல பொருத்தம் போ."

அவன் சிரித்தான். பூவிழிக்குச் சிரிப்பு வரவில்லை. 'தையற்கடை நடத்தும் வாடிக்கையாளர்' என்று அடித்தாள். பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. அனுப்பும் பொத்தான் மேல் விரல் நின்றது. எழுந்து நடந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"என்ன கண்ணு, கூண்டுல போட்ட மாதிரி சுத்தற?" ராணியம்மாள் கத்திரியோடு வந்து நின்றார்.

பூவிழி விஷயத்தைச் சொன்னாள். எழுதியதைப் படித்தும் காட்டினாள்.

"மாமியார்னு எழுத வெக்கமா இருக்குதா?"

"ஐயோ, அது இல்லீங்க அத்தை..."

"அப்ப எழுது. நா எவனுக்குப் பயப்படோணும்?"

அழித்துவிட்டு உள்ளதை எழுதினாள். போணி என்றால் என்ன என்பதை மட்டும் விளக்க ஆறு வரி ஆனது.

ஐந்தே முக்காலுக்குப் பதில் வந்தது. விளக்கத்துக்கு நன்றி. ஆனால் வீட்டார் வாங்கிய ஏழு விற்பனையையும் ரத்து செய்ய வேண்டும். கார்டுக்காரர் தம் கைப்பேசிக்கு வரும் எண்ணைத் தந்து சம்மதித்தால் கடையைத் திறப்போம்.

ராணியம்மாளின் முகம் இறுகியது. "போணிக் காசைத் திருப்பறதா? எந்தக் கடையிலயும் கேட்டதில்ல. அதைத் திருப்புனா வியாபாரம் வெளங்குமா?"

"திருப்பாட்டி வியாபாரமே இல்லீங்க அத்தை."

கைப்பேசி டிங் என்றது. ஆறு இலக்கம். ராணியம்மாள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டார். ஆனால் மெஷின் ஓடவில்லை. மணி ஆறு ஐந்து. பூவிழி வாசலுக்கும் திரைக்குமாக அலைந்தாள். பிடுங்கவா முடியும்?

"ஏம்மா," என்றார் ராணியம்மாள் திடீரென்று. "ரசீது எவன் பேர்ல வந்துச்சு?"

"கம்பெனி பேர்லதாங்க. சட்டப்படி விக்கிறது அவங்கதான்."

"உன் பேரு அதுல இல்ல?"

"கீழே பொடி எழுத்துல இருக்கும்."

ராணியம்மாள் ஊசியில் தொங்கிய நூலை அறுத்தார். "அப்ப நா ஏழு தடவையும் போணி பண்ணுனது அவன் கடைக்கு. என் கைராசில அவன் பொழச்சிக்கிட்டு, என்னையே திருடியான்னு கேக்கறான்." இடுப்பிலிருந்து போனை எடுத்து நீட்டினார். "வாங்கிரு. ஒத்தப் பைசா அவன்கிட்ட இருக்கக் கூடாது."

எண்ணை அடித்தாள். ஆறு பத்து. ஆறு பதினெட்டு. ஆறு இருபத்திரண்டுக்குப் பக்கம் திறந்தது. சுட்டியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்தாள். ஆறு இருபத்தொன்பதுக்கு ஆர்டர் விழுந்தது. நூற்றிருபது பிரதிகள்.

பூவிழி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வந்துருச்சா? நல்லது." ராணியம்மாள் மெஷினை ஓட்டத் தொடங்கி, உடனே நிறுத்தினார். "நாளைக்கு வேற ஏதாச்சும் சொல்லி மறுபடியும் மூடிட்டான்னா என்ன பண்ணுவ?"

பூவிழி மடிக்கணினியை மறுபடி இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, இதே வேலை செய்யும் இன்னொரு நிறுவனத்தைத் தேட ஆரம்பித்தாள்.