நுரைக்காத கணவாய் ஓடு

உப்பளத்துக்குப் போகும் முன்பு நளீருக்கு வீட்டில் ஒரு வேலை இருந்தது. மனைவி பளீலாவின் தலையைச் சீவிவிட வேண்டும். உப்பு வாரி வெடித்துப்போன அவன் விரல்களில் மயிர் சிக்கும். அவளுக்கு வலிக்கும்.

“மெல்ல இழுங்க. நான் என்ன உப்புக் குவியலா?”

“உப்பு இப்படி வாய் காட்டாது,” என்றான் நளீர்.

பளீலாவின் வலது கை விரல்கள் காயம் ஆறும்போது வளைந்து இறுகிவிட்டன. சீப்பைப் பிடிக்க முடியாது, ரொட்டிக்கு மா குழைக்க முடியாது. வேலிக்கு அந்தப் பக்கம் போன ஒருத்தி நின்று, “எண்ணெய் பட்ட கை இன்னும் சரி வரல்லயா ராத்தா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பளீலா பல்லைக் கடித்தாள். கை போனதைவிட இந்தக் கேள்விதான் அவளை அதிகம் எரித்தது. ஏனென்றால் அவள் கையில் பட்டது எண்ணெய் அல்ல.

மதுரங்குளிப் பக்கம் றஸீன் ஹாஜியாருக்கு, ஊறுகாய்க்கு ஊற்றும் புளிக்காடியான வினாகிரி அடைக்கும் ஒரு கொட்டில் இருந்தது. நீலக் கேன்களில் வரும் அமிலத்தில், அவர்கள் சொல்லும் அசிட்டில், நிறையத் தண்ணீர் கலந்து போத்தலில் அடைப்பார்கள். அச்சாறு போடுகிறவர்கள் வாங்க வந்தால், கணவாய் மீனின் வெள்ளை ஓட்டில் ஒரு துண்டை உடைத்து வினாகிரிக்குள் போட்டுப் பார்ப்பார்கள். நுரைத்துக்கொண்டு வந்தால் நல்ல சரக்கு. ஹாஜியார் ஒருநாள் அதே ஓட்டைத் தண்ணீர் கலக்காத கேன் அசிட்டுக்குள் போட்டுப் பார்த்தார். நுரை வரவே இல்லை. கேனில் ஒட்டியிருந்த தாளிலும் பலங்குறைந்த அமிலம் என்றுதான் இருந்தது. அவருக்கு அது போதும்.

“வினாகிரிக்கு இருக்கிற வேகம்கூட இதுக்கு இல்ல. கையுறை என்னத்துக்கு?” என்றார்.

அங்கே கூலிக்கு நின்ற பளீலா கேனிலிருந்து வாளிக்கு ஊற்றும்போது அது கையில் வழிந்தது. கொஞ்சம் குளிர்ந்தது, அவ்வளவுதான். முந்தானையில் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். நண்பகல் ளுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி வுளூ செய்யப் போனபோது தோல் வெள்ளையாக வெளுத்திருந்தது. மாலை அஸர் தொழுகைக்குள் கை முழுதும் கொப்புளம்.

விசாரணை வந்துவிடும் என்ற பயத்தில் ஹாஜியார் பள்ளிவாசலில் நின்று, “பாவம், வீட்டுல கொதிச்ச எண்ணெயக் கொட்டிக்கிட்டு என் தலையில போடுறாங்க,” என்று சொன்னார். பெரிய மனிதர் சொன்னால் ஊர் நம்பும். கூலிக்காரரின் புண்ணுக்குக்கூடப் பணக்காரர்தான் பேர் வைக்கிறார்.

ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிய தாதி அக்னஸ் மட்டும் கையைப் பார்த்தவுடனே கண்டுகொண்டு நளீரிடம் சொன்னாள்.

“தம்பி, இது எண்ணெய் இல்லை. கேன் அசிட்.”

“பலங்குறைஞ்ச அசிட்தானே மிஸ்? கணவாய் ஓடுகூட நுரைக்கல்ல எண்டு ஹாஜியார் சொல்றாரே.”

“பலமான அமிலம் எண்டா, தண்ணியைக் கண்டவுடன தன்னட்டை இருக்கிற வேகத்தை முழுக்க விட்டிடும். பலங்குறைஞ்சது கொஞ்சத்தை விட்டிட்டு மிச்சத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். தண்ணியே இல்லாட்டி கிட்டத்தட்ட ஒண்டையும் விடாது. அதுதான் உங்கட ஓடு நுரைக்கேல்லை. ஆனா தோலுக்குள்ள தண்ணி இருக்குத்தானே? மெல்ல உள்ளுக்குப் போய், அங்கைதான் வேலையைத் தொடங்கும். பலங்குறைஞ்சது எண்டாலும் கேன் நிறையத் தண்ணி கலக்காம இருக்கிறது முழுக்க அதுதான். எரியத் தொடங்கிற நேரத்துக்குள்ள கையில பாதி போயிடும்.”

“அப்ப என்ன செய்திருக்கணும்?”

“பட்டவுடன குழாயைத் திறந்து கையைப் பிடிச்சிருக்க வேணும். நிறையத் தண்ணி, நிறைய நேரம். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்ற அந்தச் சொல் நளீரை நிம்மதியாக இருக்க விடவில்லை. கொட்டிலில் தண்ணீர்த் தொட்டி பளீலாவின் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.

அவன் ஒரு கராஜில் பெட்டரி அசிட் போத்தலொன்று வாங்கிவந்தான். பளீலா அதைக் கண்டாள். தடுக்கவில்லை.

“ஹாஜியார்ட முகத்துல வேணாம்,” என்றாள். “சோத்துக் கையில ஊத்துங்க. அவரும் பொஞ்சாதிட கையால தின்னட்டும்.”

தலையைச் சீவி முடித்து, போத்தலைப் பையில் வைத்துக்கொண்டு அன்று காலை நளீர் உப்பளத்துக்குப் போகாமல் கொட்டிலுக்குப் போனான்.

பளீலாவின் இடத்தில் இப்போது அமானி நின்றாள். புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளைப் பார்ப்பவள். கையுறை கிடைக்காததால் கடைப் பையொன்றைக் கையில் கட்டியிருந்தாள். ஹாஜியார் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன புள்ள, கைக்குத் தொப்பியா?”

“பயமா ஈக்கி ஹாஜியார். பளீலா ராத்தாட கையப் பாத்தேன்.”

“அது எண்ணெய்! எத்தின தரம் சொல்ற? இங்க பாரு.” ஓட்டுத் துண்டொன்றைக் கேன் அசிட் இருந்த வாளிக்குள் போட்டார். அது சும்மா கிடந்தது. “நுரைக்குதா?”

வாசலில் நளீர் நின்றான். பைக்குள் போத்தலின் மூடி அவன் கைக்குள் இருந்தது.

“அப்ப உங்கட கையப் போடுங்க ஹாஜியார்,” என்றான்.

வேலைக்காரர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹாஜியாருக்கு முகம் சிவந்தது. “உப்புக்காரன் எனக்குப் பாடம் நடத்த வந்தீக்கான்!” என்றபடி சட்டைக் கையை மடித்து, மணிக்கட்டுவரை வாளிக்குள் விட்டார். எடுத்தார். எல்லாருக்கும் காட்டினார்.

“எங்கடா எரியுது? நல்லாக் குளிருது! இப்ப விளங்குதா, ஆர் பொய்க்காரன் எண்டு?”

கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார்.

நளீர் மூடியிலிருந்து விரலை எடுத்தான். இனி அந்தப் போத்தல் வேண்டாம். ஒன்றும் செய்யவும் வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அந்தக் கை அவனைக் கேலி செய்து ஆடிக்கொண்டே வெந்துபோகும். பொலிஸ் வராது, வழக்கு வராது. உப்பளத்தில் ஒரு வேளைகூடக் கிடைக்காத குளிர்ச்சி அவன் நெஞ்சில் இறங்கியது. தாதி சொன்னது முழுவதும் நினைவில் இருந்தது. தொட்டி அங்கேயே இருந்தது. அவன் பேசவில்லை.

அப்போது அமானி, “அப்ப சரி, சும்மாதான் பயந்திட்டேன்,” என்று சொல்லிக் கையில் கட்டிய பையை அவிழ்த்து எறிந்தாள். வெறுங்கையால் வாளிக்குள் சாய்ந்தாள்.

“தொடாதே!”

நளீர் போட்ட சத்தத்தில் அவள் பின்னால் விழுந்தே போனாள். அவன் வாளியைத் தள்ளி வைத்து, ஹாஜியாரின் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தொட்டிக் குழாயின் கீழே பிடித்தான்.

“விடுடா! என்ன செய்ற?”

“அசைய வேணாம். இப்ப குளிரும், பிறகுதான் எரியும். என் பொஞ்சாதிக்கு இதச் சொல்ல ஆளில்ல.”

ஹாஜியார் திமிறினார். நளீர் விடவில்லை. ஒரு வேலைக்காரன் மற்றவனிடம், “ஹாஜியாருக்கே வுளூ செய்து குடுக்கிறாண்டா,” என்று கிசுகிசுத்தான். கொஞ்ச நேரத்தில் ஹாஜியார் திமிறுவதை நிறுத்திவிட்டார். விரல் இடுக்குகளில் எரிவு தொடங்கியிருந்தது.

“யா அல்லாஹ்... இப்படியா பளீலாவுக்கு?”

“இல்ல. உங்களுக்குத் தண்ணி கிடைச்சீக்கி.”

போத்தலைக் கராஜில் திருப்பிக் கொடுத்துவிட்டு நளீர் வீட்டுக்கு வந்தான். பளீலா நடந்ததைக் கேட்டாள்.

“அவர்ட கையக் கழுவியா விட்டீங்க?” என்று கேட்டாள்.

“அமானி வெறுங்கையப் போடப் போனா.”

“அமானிட கை?”

“ஒண்டும் ஆகல்ல.”

பளீலா தன் வளைந்த விரல்களைப் பார்த்தபடி இருந்தாள்.

சில நாளில் ஹாஜியார் கையில் கட்டோடு அவர்கள் வீட்டுக்கு வந்தார். மேல்தோல் உரிந்திருந்தது, விரல்கள் நேராகவே இருந்தன. எல்லாருக்கும் கையுறை வாங்கியாயிற்று, பளீலாவின் வைத்தியமும் இனித் தன் பொறுப்பு என்றார். மன்னிப்புக் கேட்டார். பளீலா அவருக்கு உட்காரக் கதிரை போடச் சொல்லவில்லை.

“மாப்ப எனக்குத் தர ஏலாது ஹாஜியார். எண்ணெய் எண்டு சொன்ன அதே பள்ளிவாசல்ல நிண்டு, அதே வாயால, அசிட் எண்டு சொல்லுங்க. இந்தக் கைக்கட்டையும் தூக்கிக் காட்டுங்க. அதப் பாக்காம என் கோவம் அடங்காது.”

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அவர் சொன்னார். கட்டைத் தூக்கிக் காட்டினார். நளீர் முன்வரிசையில் நின்று கடைசிச் சொல் வரை கேட்டான். அவன் முகம் இளகவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் சீப்பை அவனிடம் நீட்டினாள்.

“பலங்குறைஞ்சது எண்டு தாள்ல எழுதினது, அது தண்ணிக்குள்ள எப்படி நடக்கும் எண்டு சொல்றதுக்கு. மனுசன்ட கைய என்ன செய்யும் எண்டு சொல்றதுக்கு இல்ல. அத விளங்காம ஒரு முதலாளி என் கையத் திண்டான். விளங்கின நீங்க பேசாம நிண்டிருந்தா அமானிட கையத் திண்டிருப்பீங்க. தெரிஞ்சவன் வாய மூடினா, அவனும் அந்தக் கேன்தான்.”

பிறகு தலையைக் குனிந்தாள். “இப்ப சீவுங்க. மெல்ல.”