வழிமொழியக்கா போட்டியிட்ட கதை

1

இந்தக் கதை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. எங்கள் சமையலறைக்கும் பக்கத்து வீட்டுக் குளியலறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். ஒரு நாள் காலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் நின்று ஒரு பெண் குரல் கேட்டது. "நான் ஏற்றுக்கொள்கிறேன்." கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதே வாக்கியம், சற்று உரக்க. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை. தலை பாதி நரைத்த பெண், குளியலறைக்குள் நின்று யாரை ஏற்றுக்கொள்ளப் பழகுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

அவள் தன் கட்சியின் துணைத் தலைவர் பதவிக்கு நிற்கப்போகிறாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒருவர் பெயரை முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிந்த பிறகு, வேட்பாளர் எழுந்து சொல்ல வேண்டிய வாக்கியம் அது.

அந்த வாக்கியத்தில் முடிகிற மாதிரி ஒரு கதை எழுத நினைத்தேன். முடிவை முதலில் எழுதி வைத்துவிட்டு ஆரம்பத்துக்காகக் காத்திருந்தேன். அதற்குள் நிஜத்தில் ஒன்று நடந்து கதையைக் கெடுத்துவிட்டது. கெட்டுப்போன கதையைத்தான் நீங்கள் படிக்கிறீர்கள்.

2

முதல் தொடக்கம்: "அரசியல் ஒரு சாக்க…"

(அடித்துவிட்டேன். குளியலறைக்குப் பக்கத்தில் வைத்தால் நிஜச் சாக்கடை என்று நினைத்துவிடுவீர்கள்.)

இரண்டாவது தொடக்கம்: "அவளுக்கு அதிகாரத்தின் மேல் ஆசை வந்தது. அந்த ஆசை அவளை…"

(பொய். அவளை அருகில் பார்த்த யாரும் இப்படி எழுதமாட்டார்கள். தெருவில் எதிரே யாராவது வந்தால் சுவரோரம் ஒதுங்கி வழி விடுகிறவள் அவள்.)

மூன்றாவது நிற்கட்டும்: கட்சியில் அவளுக்கு வழிமொழியக்கா என்று பெயர்.

கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற வேண்டுமென்றால் ஒருவர் அதை முன்மொழிய வேண்டும், இன்னொருவர் எழுந்து "வழிமொழிகிறேன்" என்று சொல்ல வேண்டும். முன்மொழிகிறவருக்குப் பேச்சு உண்டு, கைதட்டல் உண்டு. வழிமொழிகிறவருக்கு ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லுக்கு ஆள் தேடி அலையக் கட்சிக்கு நேரமில்லை. அதனால் அக்கா இருந்தாள். முன்வரிசையின் ஓர நாற்காலி அவளுடையது. தலைவர் தீர்மானத்தைப் படித்து முடித்து, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வை வந்து சேர்வதற்குள் அவள் எழுந்திருப்பாள். விலைவாசியைக் கண்டித்த தீர்மானம், கொடியின் அகலத்தை மாற்றிய தீர்மானம், அலுவலகத்துக்குப் புது மின்விசிறி வாங்கிய தீர்மானம் எல்லாமே அவள் குரலில்தான் நிறைவேறின. சொந்தத் தம்பியைக் கட்சியை விட்டு நீக்கிய தீர்மானத்தையும் அவள்தான் வழிமொழிந்தாள்.*

* தம்பி அன்று மத்தியானமே அவள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். "முன்மொழிஞ்சவன் வேற ஒருத்தன். நீ என்னக்கா பண்ணுவ" என்றாராம். அவள் அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாளாம்.

3

அவள் கணவரைச் சட்டக்காரர் என்பார்கள். புதிதாகக் குடிவந்த ஒருவர் அதைக் கேட்டு, வாய்க்கால் தகராறு ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினார். "எனக்கு மரச்சட்டம்தான் தெரியும். மத்த சட்டமெல்லாம் என் பொண்டாட்டி கட்சியில இருக்கு" என்று அனுப்பிவைத்தார். படங்களுக்குச் சட்டமும் கண்ணாடியும் போடுகிற தொழில். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு பக்கம் நீளநீளமான மரச்சட்டங்கள், ஒரு பக்கம் சணல் சாக்கு விரித்துச் சாய்த்து வைத்த கண்ணாடிகள், நடுவில் வார்னிஷ் வாசனை. வெறுங்காலோடு உள்ளே போனால் திட்டுவார்.

கட்சி அலுவலகக் கூடத்தில் மாட்டியிருக்கும் படங்கள் எல்லாம் அவர் கைவேலை. எல்லாம் ஒரே அளவு, ஒரே மரம். நிறுவனர், தலைவர், பக்கத்தில் துணைத் தலைவர். பழைய துணைத் தலைவர் நோயில் இறந்துபோய், பதவி காலியாகியிருந்தது.

நிற்கப்போவதை அக்கா முதலில் அவரிடம்தான் சொன்னாள். அவர் ரம்பத்தை நிறுத்தவில்லை.

"துணைத் தலைவர்னா என்ன வேலை?"

"தலைவர் இல்லாதப்ப தலைவர்."

"அவர் எப்ப இல்லாம இருந்தாரு?"

அவள் கொஞ்சம் சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். "வழிமொழிஞ்சே காலம் போயிடுச்சுங்க. ஒரு தடவையாவது என் பேரை இன்னொருத்தர் எழுந்து நின்னு சொல்லிக் கேக்கணும்."

ரம்பம் அப்போது நின்றது.

(இந்த மனிதர்மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கதைக்கு இவ்வளவு நல்ல கணவர் ஆகாது. குடிக்கவைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. கோபக்காரராக்கினேன், கண்ணாடி உடைந்தது. அப்படியே விட்டுவிட்டேன். ஒரு குறை மட்டும் உண்டு: மனைவியிடம் ஒரு கேள்வியை இரண்டாம் தடவை கேட்கமாட்டார். இது குறைதானா என்று கடைசியில் நீங்களே பாருங்கள்.)

4

முன்மொழிய ஆள் உடனே கிடைத்தது. கட்சிப் பத்திரிகையில் பிழை திருத்துகிற ஓய்வுபெற்ற வாத்தியார், "உன் பேரைச் சொல்ல எனக்கென்னம்மா பயம், பென்ஷனையா நிறுத்திடுவாங்க" என்றார்.

வழிமொழியத்தான் ஆள் கிடைக்கவில்லை.

இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் வழிமொழிந்தவள், தனக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்ல ஆள் தேடித் தெருத்தெருவாக நடந்தாள். அச்சகக்காரர் இயந்திரத்தை நிறுத்தாமலே, காது கேட்காத மாதிரி தலையாட்டினார். ஜவுளிக்கடைக்காரர் உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "உங்களுக்கு இல்லாத ஓட்டா அக்கா" என்றார். போன இடமெல்லாம் அதே பதில். ஓட்டு ரகசியம், அதனால் தாராளமாகக் கொடுத்தார்கள். எழுந்து நிற்பது ரகசியமல்ல. எதிரே நிற்பவர் மாவட்டம்.

மாவட்டச் செயலாளரைக் கட்சிக்காரர்கள் மாவட்டம் என்றே கூப்பிடுவார்கள். "மாவட்டம் சாப்பிடுது", "மாவட்டம் தூங்குது" என்று பேச்சு ஓடும். தலைவரின் ஆசி அவருக்கென்று எல்லோருக்கும் தெரியும், தலைவர் மட்டும்தான் அதை இன்னும் சொல்லவில்லை. ஒரு நாள் மாவட்டமே சட்டக்காரர் கடைக்கு வந்து, இருந்த ஒரே முக்காலியில் உட்கார்ந்தது.

"நீங்க நிக்கறீங்கன்னு கேள்விப்பட்டேன்க்கா. சந்தோஷம். போட்டியே இல்லாம ஜெயிச்சா எனக்கும் நல்லாவா இருக்கும்?"

அக்கா மேசைமேல் கிடந்த மரத்தூளைத் துடைத்தாள்.

"வழிமொழிய ஆள் கிடைக்கலன்னா கூச்சப்படாம சொல்லுங்க. நம்ம பசங்கள்ல ஒருத்தனை அனுப்பறேன்."

சட்டக்காரர் குனிந்த தலை நிமிராமல், "காலை எடுங்க தம்பி. கண்ணாடித் தூள் கிடக்கு. குத்தினா தெரியாது, அப்புறந்தான் வலிக்கும்" என்றார்.

(இந்த இடத்தில் நீங்கள் சிரித்திருந்தால், சிரித்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு அதிகம் வாய்ப்பில்லை.)

கடைசியில் ஒரு நர்ஸ் ஒத்துக்கொண்டாள். மகளிர் அணியில் புதிதாக வந்தவள், எங்கள் பின்தெருக்காரி. ஆண்கள் வார்டின் வாசலில் அக்காவை நிற்கவைத்து, ஒரு நோயாளிக்கு மருந்துப் பாட்டிலை மாற்றிவிட்டு வந்து, "ஒரு சொல்லுதானேக்கா, நான் சொல்றேன்" என்றாள்.

"ஒரு சொல்லுதான். ஆனா எழுந்து நிக்கணும்."

"நாங்க நாளெல்லாம் நின்னுட்டுதானே இருக்கோம்."

அங்கேயே சொல்லிப் பார்க்கச் சொன்னாள் அக்கா. நர்ஸ் சொன்னாள். ழகரம் வழுக்கி, வளிமொழிகிறேன் என்று வந்தது. "வளின்னா காத்து, தங்கச்சி. சொன்னது காத்தோட போயிடும். நாக்கை மடிச்சுச் சொல்லு." மருந்து நாற்றம் அடிக்கும் அந்த நடையில் இருவரும் அந்தச் சொல்லை மாறிமாறிச் சொன்னார்கள். சக்கர நாற்காலியில் போன ஒரு கிழவர், என்ன பாடம் நடக்கிறது என்று கேட்டாராம்.

மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம் "நான் ஏற்றுக்கொள்கிறேன்" தடுமாறாமல் வந்தது. அதற்குப் பிறகு ஏதோ ஒரு பாட்டின் முனகல்கூடக் கேட்டது.

5

இது சின்னப் பகுதி. எடுத்துவிடலாமா என்று நிறைய யோசித்தேன்.

கடைக் கதவுக்குப் பின்னால் ஒரு சட்டம், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி நின்றுகொண்டிருந்தது. கட்சி அலுவலக அளவு, அதே மரம். கண்ணாடி துடைத்து, பின்பலகை வைத்து, ஆணி மட்டும் அடிக்காமல் விட்டிருந்தது. அக்கா பெருக்கும்போது அதைப் பார்த்தாள். யாருக்கென்று கேட்கவில்லை. துடைப்பத்தை அது மேல் படாமல் சுற்றிக் கொண்டுபோனாள்.

6

பொதுக்குழுவுக்கு நான் போகவில்லை. போகிற உரிமையும் இல்லை. இனி வருவது நர்ஸ் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து சொன்னது.

வாடகை மண்டபம். மின்விசிறிகளின் சத்தத்தில் பாதிப் பேச்சு விழுங்கப்பட்டது. அக்கா அதே ஓர நாற்காலியில் உட்கார்ந்தாள். வாத்தியார் இரண்டு வரிசை தள்ளி, நர்ஸ் அவருக்கும் பின்னால். துணைத் தலைவர் பதவிக்குப் பெயர்கள் வரலாம் என்றார் தலைவர். மாவட்டத்தின் ஆள் ஒருவர் துள்ளி எழுந்து மாவட்டத்தின் பெயரை முன்மொழிந்து, நிறையப் பேசி உட்கார்ந்தார். அடுத்து வாத்தியாரின் முறை. அதற்கு முன்னால் மாவட்டத்துக்கு ஒருவர் வழிமொழிய வேண்டும்.

யாரும் எழவில்லை. வழிமொழிவதற்கென்று வைத்திருந்த ஆள் கைபேசியில் யாரோ கூப்பிட்டார்கள் என்று வெளியே போயிருந்தார். அவரைத் தேடி ஒருவர் ஓடினார். தலைவர் காத்திருந்தார். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார்.

"வழிமொழிகிறேன்."

ழகரம் அவ்வளவு சுத்தமாக விழுந்ததாம். "நான்தான் முந்திக்கிட்டுச் சொல்லிட்டேனோன்னு வாயைப் பொத்திக்கிட்டேன்" என்றாள் நர்ஸ். நிமிர்ந்து பார்த்தால், அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

ஒருவரை வழிமொழிந்தவர் அதே பதவிக்குப் போட்டியிட முடியாது என்பது கட்சி விதி. அந்த விதியைக் கொண்டுவந்த தீர்மானத்தை வழிமொழிந்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வாத்தியார் பாதி எழுந்து, அந்த நிலையிலேயே கொஞ்ச நேரம் இருந்து, உட்கார்ந்தார். மண்டபம் ஒரு கணம் விழித்தது. முதலில் சிரித்தவர் தலைவர். "அக்காவோட பெருந்தன்மைக்கு எல்லாரும் கை தட்டுங்க" என்றார். தட்டினார்கள். அவள் பெயர் வாழ்நாளில் அதிகமாக உச்சரிக்கப்பட்டது அந்தச் சில நிமிடங்களில்தான். பிறகு மாவட்டம் எழுந்து, கை கூப்பி, "நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்றது.

என் கதையின் கடைசி வாக்கியம், வேறு ஒரு வாயிலிருந்து.

7

அந்த நொடியை நான் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

பழக்கம் என்று எழுதினேன். தலைவரின் பார்வை வந்தது, கால் எழுந்தது, வாய் திறந்தது. மனசுக்குச் சேதி போகும் முன் உடம்பு வேலையை முடித்துவிட்டது. எழுதி முடித்ததும் அவள்மேல் இரக்கம் வந்தது. அவளுக்கு அந்த இரக்கம் பிடிக்காது என்று தோன்றியது. அடித்தேன்.

பயம் என்று எழுதினேன். எழுவதற்கு முன் அவள் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தாள். நர்ஸ் குனிந்திருந்தாள். தன் பெயரை வாத்தியார் சொன்ன பிறகும் இதே மாதிரி ஒரு மௌனம் விழும், மாவட்டத்தின் மௌனத்தைக் கலைக்க ஆள் ஓடும், தன்னுடையதைக் கலைக்க யாரும் ஓடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. ஆளில்லாமல் தோற்பதைவிட…

இதை நர்ஸிடம் படித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. "நான் குனிஞ்சுதான் இருந்தேன். ழ சரியா வருதான்னு வாய்க்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தேன். அக்கா திரும்பிப் பாத்தாங்களா?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். நான் எழுதியதை நானே தெரியாது என்று சொல்லவேண்டி வந்தது. அவள் இப்போதெல்லாம் அக்கா வீட்டு வழியாக வேலைக்குப் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறாள்.

மூன்றாவதாக: "தலைவர் அவளைப் பார்த்த பார்வையில், இத்தனை வருடமும் இல்லாத ஒரு…"

(இல்லை. அந்தப் பார்வையில் எதுவும் இருந்திருக்காது. ஒரு சொல் தேவைப்பட்டது, பார்த்தார். அவ்வளவுதான். இதுதான் எல்லாவற்றிலும் மோசமான பதில், அதனால் முடிக்கவில்லை.)

8

வீட்டுக்கு வந்தவளிடம் சட்டக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வாய் தவறியா, மனசு தவறியா?"

"பசிக்குதுங்க" என்றாள்.

அவர் தட்டு எடுத்து வைத்தார். இரண்டாம் தடவை கேட்கவில்லை. நான்தான் சொன்னேனே.

மறுநாள் காலை குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. நான் குழாயை மூடிவிட்டு, கழுவாத தட்டோடு நின்றேன். தண்ணீர் நின்ற பிறகும் சத்தமில்லை. எதற்காகக் காத்திருக்கிறேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

மத்தியானம் கட்சி அலுவலகத்திலிருந்து மாவட்டத்தின் படம் வந்தது. பெரிதாக்கி, பல் தெரியச் சிரித்த படம். சாயங்காலப் பதவியேற்புக்குள் மாட்ட வேண்டுமாம், வழக்கமான அளவாம். புதிதாக அறுத்து, ஒட்டி, வார்னிஷ் காய நேரமில்லை. சட்டக்காரர் கதவைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் இருந்ததை எடுத்துவந்து மேசைமேல் மல்லாத்தி வைத்தார். கண்ணாடியில் தூசு இல்லை. யாரோ தினமும் துடைத்திருக்கிறார்கள்.

அக்கா உள்ளறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வெற்றுக் கண்ணாடியில் அவள் முகம் பாதி விழுந்தது.

"இதையே போட்டுடவா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு அவள் சொன்ன பதில் எனக்குக் கேட்டிருக்கலாம். கேட்காமலும் இருந்திருக்கலாம். கடைக்கும் எங்களுக்கும் நடுவில் உள்ள சுவர் அப்படியொன்றும் மெல்லியதல்ல. "போடுங்க" என்று சொன்னாள் என்றால் மண்டபத்தில் அவள் தெரிந்தேதான் எழுந்தாள் என்று ஆகும். "வேண்டாம்" என்றால், அது வாய் தவறியதுதான், இனி ஒவ்வொரு நாளும் அந்தத் தவறோடு அவள் கண்விழிக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள் என்றும் எழுதலாம். மூன்றும் எழுதி வைத்திருக்கிறேன். எதையும் தரமாட்டேன்.

ஆணி அடிக்காத சட்டம் மேசைமேல் இருக்கிறது. அவர் இரண்டாம் தடவை கேட்கமாட்டார். அவள் இன்னும் வாசலில்தான் நிற்கிறாள். உங்களுக்குத் தோன்றும் முடிவை எழுந்து நின்று நீங்கள் முன்மொழியுங்கள். அதற்குப் பிறகு அறை அமைதியாகும், எல்லோரும் யாரையாவது பார்ப்பார்கள். என்னைப் பார்க்காதீர்கள். நான் வாயைத் திறக்கமாட்டேன். இந்தக் கதையில் அந்தச் சொல்லை ஒருவர் சொன்னது போதும்.