தேய்ந்த பூட்ஸின் தடம்

காலை ஆறு மணிக்கு வனக்காவலர் பல் தேய்த்து, டீ குடித்து, வாசலில் காலை நீட்டுவார். மனைவி பிரஷ்ஷால் அவருடைய பூட்ஸைத் தேய்த்து, உதிர்ந்த விதைகளைத் தகர டப்பாவில் போட்டு மூடுவாள். காட்டின் செக்போஸ்டில், உள்ளே போகிற எல்லோருக்கும் அப்படித் தேய்த்துவிடுவதுதான் அவளுக்கு வேலையே. விதை ஒட்டிய காலோடு யார் நடந்தாலும், மறுநாள் காலைக்குள் ஒவ்வொரு காலடியிலும் அந்த அடியின் வடிவத்திலேயே மஞ்சள் பூச்செடி முளைத்துவிடும். லாரி டயர்களில் வந்த வெளிநாட்டுச் செடி அது. மான் தொடாது, அதன் கீழே புல் வளராது.

சுற்றுலா வண்டிகள் பெருகிய வருடம், செடிகளைக் கணக்கெடுக்க ஒரு இளைஞன் வந்தான். காவலர் எண்ணிப் பார்த்தார்: தன் பூட்ஸுக்குப் பன்னிரண்டு தேய்ப்பு, அவனுடையதற்கு இருபது. ஏன் என்று மனைவியிடம் கேட்டார்.

"அவரோடதுல பள்ளம் ஜாஸ்தி. உங்களுது உங்க தலை மாதிரி வழுக்கையா கெடக்கு."

இளைஞன் சிரித்தான். மறுநாளிலிருந்து காவலர் காலை நீட்டவில்லை. பின்வாசல் வழியாகவே வேலைக்குப் போனார். சில நாளில் அவள் மத்தியானங்களில் ஒரு சாக்கோடு காட்டுக்குள் போக ஆரம்பித்தாள். இரண்டு வருடம் அவர் ஒளிந்து ஒளிந்து பின்னால் போனார். ஓடைக்கு அந்தப் பக்கம் இளைஞனின் தொப்பி தெரிந்ததும் ஒவ்வொரு முறையும் திரும்பிவிடுவார். சாக்கில் என்ன இருக்கிறது என்று கேட்க அவருடைய ரோஷம் விடவில்லை. மூன்றாம் வருடம் அவள் காய்ச்சலில் இறந்துபோனாள்.

பதினாறாம் நாள் இளைஞன் வரைபடத்தோடு வந்தான். யாரும் நுழையக் கூடாத உள்காட்டில், ஓடை வரைக்கும் மஞ்சள் கோடு.

"அத்தனையும் பள்ளமே இல்லாத வழுக்கை அடிண்ணே. அக்கா தினமும் சாக்கு சாக்கா பிடுங்குவாங்க. பிடுங்கப் பிடுங்க மறுநாள் புதுசா நிக்கும். மேல தெரிஞ்சா உங்க வேலை போயிடும், எழுதாதேன்னாங்க."

காவலர் தன் பூட்ஸைத் திருப்பிப் பார்த்தார்.

இப்போது அவர் வீட்டுக்குள்ளும் சிமெண்ட் தரையில், வாசலிலிருந்து அவள் படுத்திருந்த கட்டில் வரை, ஒன்பது காலடிகளில் பூ நிற்கிறது. வருகிறவர்கள் தாண்டி நடந்து பழகிவிட்டார்கள். கடைசியாக என்ன சொன்னாள் என்று மாமியார் கேட்டபோது, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்றார். உண்மையில், அவள் இறந்த அன்று சாயங்காலம் அவர் காட்டிலிருந்து நேராகக் கட்டிலருகே வந்து நின்றபோது, அவள் அவர் காலைப் பார்த்துச் சொன்னது இதுதான்:

"பூட்ஸத் தட்டிட்டு வரக் கூடாதா?"