தோணித்துறையில் இரண்டு விசில்

தண்ணீரிலிருந்து எழுந்து வருகிறார், தலைப்பாகையிலிருந்து நீர் சொட்டுகிறது, கரையேறி அதே பலகையின் மேல், அதே இடத்தில் வந்து நின்று வலது கையைத் தூக்குகிறார், ஏறுங்க, எடம் இருக்கு, என்று அவர் தலைக்கு மேல் வெள்ளை எழுத்து தோன்றுகிறது, நான் மறுபடியும் அவரைத் தள்ளுகிறேன். மூன்று தடவை தள்ளினேன், மூன்று தடவையும் எழுந்து வந்து கையைத் தூக்கினார், எழுநூறு பேர் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், என் சிரிப்புச் சத்தம் அந்த வீடியோவில் இன்னும் இருக்கிறது. ஆன்லைன் கேம் ஒன்றில் வரும் தோணித்துறை அது, தண்ணீரும் நிஜமில்லை, தலைப்பாகையும் நிஜமில்லை, ஆனால் அந்தத் தலைப்பாகைக்காரரை அம்பாசமுத்திரத்தில் ஒரு முன்னறையில் உட்கார்ந்து, மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடியோடு, ஒற்றை விரலால் எழுத்துத் தேடி ஆட்டிக்கொண்டிருந்தவர் நிஜம், அவர் என் அப்பா, ஆவுடையப்பன், முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குத் தெரியாது, அப்போது தெரியாது, என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொள்கிறேன், பல் தேய்க்கும்போது சொல்கிறேன், சிக்னலில் வண்டியை நிறுத்தும்போது சொல்கிறேன், சொல்லச் சொல்ல அது உண்மையாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

எனக்கு ஒரு சேனல் உண்டு, வீடியோ கேம்களைப் பற்றித் தமிழில் பேசுவேன், முகம் காட்டமாட்டேன், குரல் மட்டும், வாய்க்கொழுப்பு அதிகம் என்று பெயர், அந்தப் பெயரில் எனக்குப் பெருமையும் உண்டு. சிங்கிள் பிளேயர் கேம்தான் கலை, ஒரு பெரிய நாவலுக்குள் நீங்களே நடந்துபோவது அது, மழையில் நனைந்த ஊர் ஒன்று உங்களுக்காக மட்டுமே விளக்கேற்றி வைத்திருக்கும், நீங்கள் போகும்வரை அந்த ராஜா சாகமாட்டான், அந்தக் கிழவி கதவைத் திறக்கமாட்டாள், ஆன்லைன் கேமோ சந்தைக்கடை, பத்தாயிரம் பேர் ஒரே பன்றியை வெட்டக் கத்தியோடு வரிசையில் நிற்கிறார்கள், அதற்குப் பெயர் வீரமாம், என்று பேசுவேன், பேசப் பேசக் கமெண்டுகள் குவியும். அப்பா என் வீடியோக்களைப் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும், அம்மா போன பிறகு அவருக்குப் பொழுது போகவில்லை, நான் சென்னையில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது பழையதை ஊரில் கொண்டுபோய் வைத்திருந்தேன், அதில் பார்ப்பார், பார்த்துவிட்டு போன் பண்ணுவார், பேச்சுக்குப் பேச்சு ட்டி, எங்கள் பக்கம் மகளை உரிமையோடு கூப்பிடுவது அப்படி. என்னட்டி, சாப்ட்டியா, ம், வேலை எப்படிப் போவுது, ம், நீ பேசுனது பாத்தேன்ட்டி, நல்லாத்தான் பேசுத, ம். கேமில் ஒருவர் சொன்னதையே திரும்பச் சொன்னால் பட்டனை அமுக்கித் தாண்டிவிடலாம், அப்பாவோடு பேசும்போது என் கட்டைவிரலும் அந்தப் பட்டனைத் தேடியது என்று இப்போது சொல்கிறேன், வெட்கமாக இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மட்டும் வேறு ஒன்று கேட்டார், அந்த ஒத்தையில ஆடுத கேமுக்கும் கூட்டமா ஆடுத கேமுக்கும் என்னட்டி அப்படி ஒரு வித்தியாசம், நீ போட்டு ஏசுதியே. நான் குஷியாகி விளக்கினேன், ஒத்தை ஆட்டத்துல உலகமே நமக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்ப்பா, ஆன்லைன்ல நமக்குன்னு யாரும் காத்துக்கிட்டு இருக்கமாட்டாங்க. அப்போ யாராவது காத்துட்டு இருந்தா ஒனக்குப் புடிக்கும், அப்படித்தானே, என்றார். ஆமாப்பா, ஒரு கால் வருது, வச்சிடுறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு லைவ் போட்டேன், ஊரெல்லாம் கொண்டாடும் அந்த ஆன்லைன் கேமை முதல்முறையாக ஆடிக் கிழிக்கப்போகிறேன் என்று இரண்டு வாரமாக விளம்பரம் வேறு. புதிதாக வருகிற எல்லோரும் அந்தத் துறையில்தான் இறங்க வேண்டும், நான்கு நிமிஷத்துக்கு ஒரு தோணி வரும், ஒன்று கோட்டைக்கு, அடுத்தது சுரங்கத்துக்கு, எது எங்கே போகும் என்று எந்தப் பலகையும் கிடையாது, தவறி ஏறினால் சுரங்கத்து ஓநாய்கள் தின்றுவிடும். அங்கேதான் அவர் நின்றிருந்தார், ஆறாவது லெவல், கையில் கத்தி இல்லை, பெயர் ரைட்ரைட். கோட்டை போறவங்க இதுல ஏறுங்க, சுரங்கம் அடுத்தது, உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க, என்று எழுதுவார், தோணிக்குப் படியே கிடையாது. புதியவர்களுக்கு ஆட்டத் தொடக்கத்தில் ஒரு ஊதுகுழல் கொடுப்பார்கள், எல்லோரும் அதை விற்றுவிட்டுக் கத்தி வாங்குவார்கள், அவர் விற்கவில்லை, தோணி கிளம்பும் நொடியைக் கணக்காகப் பிடித்து இரண்டு தடவை ஊதுவார், உடனே தோணி நகரும், அவர் சொல்லித்தான் நகர்கிறது என்று பார்க்கிறவன் சத்தியம் பண்ணுவான். பாத்தீங்களா மக்களே, என்று நான் ஆரம்பித்தேன், ரெண்டு வருஷமா இங்கேயே நிக்கிறாராம், சண்டை இல்லை, கதை இல்லை, லெவல் ஏறலை, சிங்கிள் பிளேயர்ல பொம்மைகூட மனுஷனாயிடும், ஆன்லைன்ல மனுஷனே பொம்மையாயிடுவான், அதுக்கு இந்த ஆள்தான் சாட்சி. இதயங்கள் பறந்தன. தள்ளிவிடுக்கா, என்று யாரோ எழுதினார்கள். தள்ளினேன்.

பஸ்ஸில் கூட்டம், நான் ஒன்பதாம் வகுப்பு, பள்ளி விட்டு வீரவநல்லூரில் ஏறுகிறேன், பக்கத்தில் என் வகுப்பு ஜெசிந்தா, அவள் அப்பா பேங்கில் மேனேஜர், அவளிடம் என் அப்பா கவர்ன்மெண்டு ஆபீசர் என்று சொல்லியிருக்கிறேன், அன்றைக்குப் பார்த்து அப்பாவுக்கு டூட்டி நேரம் மாறி அந்த பஸ்ஸில் வருகிறார், காதில் பால்பாயிண்ட் பேனா, கக்கத்தில் தோல் பை, உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க, என்று நெரிசலைப் பிளந்துகொண்டு என்னிடம் வருகிறார், முகம் மலர்கிறது, வாயைத் திறக்கப் போகிறார், நான் முந்திக்கொண்டு பாஸை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறேன், யாரோ ஒரு கண்டக்டரிடம் நீட்டுவதைப்போல, கண்ணைப் பார்க்காமல். அவர் வாங்கிப் பார்க்கிறார், என் போட்டோ, என் பெயர், அதற்குக் கீழே தந்தை பெயர் என்ற இடத்தில் வே. ஆவுடையப்பன் என்று என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது, அவ்வளவு கூட்டத்திலும் அதை முழுசாகப் படிக்கிறார், திருப்பிக் கொடுக்கிறார், சரிங்கம்மா, உள்ள போங்க. ங்க போட்டுச் சொன்னார். என்னை அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்பாசமுத்திரத்தில் இறங்கி வீட்டுக்குப் போனேன், ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொண்டார், ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லவில்லை.

தெரியாது என்று சொன்னது பொய். இரண்டாவது தடவை தள்ளியபோதே தெரியும். ஒரு விசில் அடித்தால் நிற்கணும், ரெண்டு அடித்தால் போகணும், என்று நடக்கப் பழகும் வயதிலேயே கற்றுக்கொண்டவள் நான், இரண்டு ஊதலுக்கும் நடுவே அவர் விடுகிற அந்தச் சின்ன இடைவெளி எனக்குத் தெரியாதா, தோணியில் இல்லாத படியைப் பற்றிக் கவலைப்படுகிற ஆள் இந்த உலகத்தில் இன்னொருவர் உண்டா. கை விசைப்பலகையிலிருந்து எழும்பியது, அப்போதுதான் எழுநூறு எண்ணூறு ஆயிற்று, இன்னொரு தடவைக்கா, இன்னொரு தடவை, என்று வந்துகொண்டே இருந்தது, அந்த முகம் தெரியாத எண்ணூறு பேரும் ஜெசிந்தாவாகத் தெரிந்தார்கள், நான் தள்ளினேன். அவர் எழுந்து வந்தார். என் சேனல் பெயரைத்தான் நான் அங்கேயும் வைத்திருந்தேன், தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் இருந்தது, நான் யார் என்று அவருக்கும் தெரியும், தெரிந்தும், பரவால்லைங்க, ஏறுங்க, எடம் இருக்கு, என்றுதான் எழுதினார், ங்க போட்டு.

மறுநாளிலிருந்து ஆட்கள் அதற்கென்றே வந்தார்கள், கோட்டைக்கும் போகாமல் சுரங்கத்துக்கும் போகாமல், ரைட்ரைட்டைத் தள்ளிவிட்டுப் படம் பிடித்துப் போட்டார்கள், அவர் எழும்ப எழும்பத் தள்ளினார்கள், ஐந்தாம் நாளோடு அவர் வருவது நின்றது. நான் வீடியோவை அழித்தேன், அழிப்பதற்குள் எத்தனையோ பேர் எடுத்து வைத்துக்கொண்டார்கள், சிந்திய பாலை எந்தக் கையால் அள்ளுவது. சிங்கிள் பிளேயரில் இது நடந்திருந்தால் நான் சேவ் பண்ணிய இடத்துக்குத் திரும்பிப் போயிருப்பேன், துறையில் இறங்கியதும் வணக்கம் சொல்லித் தோணியில் ஏறியிருப்பேன், அவருக்கும் எதுவும் நினைவிருக்காது, அந்த ஆட்டங்களை நான் கலை கலை என்று கொண்டாடியதற்கு உண்மையான காரணம் இதுதானோ, செய்ததற்குப் பதில் சொல்லாமல் வெளியே வந்துவிடலாம் என்பதுதானோ. போனில் அவர் மாறவே இல்லை. என்னட்டி, சாப்ட்டியா. சாப்ட்டேன்ப்பா, நீங்க, என்று இப்போது நான் கேட்கிறேன்.

ஊருக்குப் போனேன். கம்ப்யூட்டர் மேல் பூப்போட்ட துண்டு போட்டு மூடியிருந்தது, அம்மாவின் துண்டு. அப்பா தோசை வார்த்துக்கொண்டிருந்தார், முதுகைப் பார்த்துக் கேட்பது சுலபமாக இருந்தது, கேம் ஆடுறது இல்லையாப்பா. கை நின்று, பிறகு தோசையைத் திருப்பியது. கொஞ்ச நாளு ஆடுனேன்ட்டி, கண்ணு வலிக்கு. எதுக்கு அந்தத் துறையிலேயே நின்னீங்க. அதுவா, புதுசா வாரவன் தெரியாம சுரங்கத்துத் தோணியில ஏறிருதான், பாவம், ஓநாய் புடுங்குது, நாம நின்னு சொன்னாக் கேக்கான்லா, பொறவு, எல்லாரும் அந்த வழியாத்தான வரணும், நீயும் என்னைக்காவது வருவன்னு. தோசையைத் தட்டில் போட்டார். வந்தேல்லா, என்றார். அவ்வளவுதான். குரலில் குத்தல் இல்லை, குத்தியிருந்தால் அழுதிருப்பேன், காலில் விழுந்திருப்பேன், சட்னி வைக்கட்டா, என்று கேட்டார், நான் தலையாட்டினேன். மன்னிச்சிடுங்கப்பா என்ற வார்த்தை தோசையோடு உள்ளே போனது, ஊரையே வாயால் கிழிக்கிறவளுக்கு இரண்டு வார்த்தை வரவில்லை. ஆனால் திரும்பி வரும் ரயிலில் ஒன்று புரிந்தது, சமையலறையில் சொல்லியிருந்தாலும் அது செல்லாது, பஸ்ஸில் செய்ததைப் பஸ்ஸில்தான் சொல்ல வேண்டும், கூட்டத்தின் நடுவில்.

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி, லைவ். அதே துறையில் இறங்குகிறேன், பலகை காலியாக இருக்கிறது, புதியவர்கள் நான்கைந்து பேர் இங்குமங்கும் ஓடுகிறார்கள், ஒருவன் சுரங்கத்துத் தோணியில் ஏறிப் போகிறான், யாரும் தடுக்கவில்லை. விசில் தாத்தாவைக் காணோமேக்கா, என்று கமெண்ட் வருகிறது, சிரிப்பு, தொள்ளாயிரம் பேர். அவர் தாத்தா இல்லை, என்கிறேன், அவர் பேரு ஆவுடையப்பன், முப்பத்தோரு வருஷம் திருநெல்வேலி பாபநாசம் ரூட்ல கண்டக்டரா இருந்தவர், எங்க அப்பா, அன்னைக்குத் தள்ளினப்ப எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் தள்ளினேன். கமெண்டுகள் மடை திறந்து கொட்டின, த்தூ, என்று ஒருவர், நடிக்கிறா, என்று ஒருவர், அப்பாவையே வித்து வியூஸா, என்று ஒருவர், படிக்கக் கூடாது என்று நினைத்தாலும் ஒவ்வொன்றையும் படிக்கிறேன், எல்லாமே எனக்குச் சேரவேண்டியவைதான். பலகையில் போய் அவர் நின்ற இடத்தில் நின்று கையைத் தூக்குகிறேன், கோட்டை போறவங்க இதுல ஏறுங்க, என்று எழுதுகிறேன், யாரோ பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், திரை நீலமாகிறது. தண்ணீரிலிருந்து எழுந்து வருகிறேன், என் தலையிலிருந்து நீர் சொட்டுகிறது, கரையேறிக் கையைத் தூக்குகிறேன், மறுபடியும் தள்ளுகிறார்கள், மறுபடியும் எழுகிறேன், இதையா ஐந்து நாள், இந்த அறுபத்தைந்து வயதில், ஒற்றை விரலை வைத்துக்கொண்டு. மூன்றாவது தடவை நான் தண்ணீருக்குள் இருக்கும்போது தோணி கிளம்பப் பார்க்கிறது, அப்போது ஊதல் கேட்கிறது, ஒன்றுதான், நிறுத்தச் சொல்லும் ஒற்றை விசில், அவர் அங்கே அதை ஒருநாளும் ஊதியதில்லை, தோணி யாருக்காகவும் நிற்காது என்று அவருக்குத் தெரியாதா என்ன, தோணி நிற்கவில்லை, அது போய்விட்டது, ஆனால் பலகையின் மேல் பழுப்புத் தலைப்பாகை நிற்கிறது, வலது கை தூக்கியபடி. நான் கரையேறி அவர் முன்னால் நிற்கிறேன். அப்பா, என்று எல்லோரும் படிக்கிற அந்த வெள்ளை எழுத்தில் எழுதுகிறேன். எழுத்துத் தேடுகிறாராக இருக்கும், கண்ணாடியைத் துடைக்கிறாராக இருக்கும், பிறகு அவர் தலைக்கு மேல் ஒவ்வொரு சொல்லாக வந்தது, பாஸ் இருக்குங்களாம்மா. ங்க இன்னும் இருந்தது. முகம் சுட்டது, திரையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, குனிந்தபடியே எழுதினேன், இருக்குப்பா, ஒங்க பேருதான் போட்டிருக்கு. அடுத்த தோணி வந்து நின்றது. உள்ள போ ட்டி, என்றார், படியில நிக்காத.